சிறுவர்கள் கோத்த எழுத்து

பிரான்சு தேசத்தின் தென்கிழக்கு மூலையில், வாசனைத் தைலங்களுக்குப் பெயர்போன கிராஸ் நகரத்துக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் பார்-சூர்-லூ என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1920ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பள்ளிக்கு உபாத்தியாயராக வந்து சேர்ந்த செலெஸ்தென் ஃப்ரெனேக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் யுத்தம் அவரைப் பாதிக் கிழவராக்கியிருந்தது. 1917இல் மார்பில் பாய்ந்த குண்டு நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டது. சற்று உரக்கப் பேசினால் மூச்சு வாங்கும்.

ஆசிரியத் தொழிலுக்குக் குரல் அல்லவா மூலதனம்! அது இல்லாதவர் என்ன செய்வார்? பிள்ளைகளைப் பேசவிட்டு, தாம் கேட்க ஆரம்பித்தார். பாடப் புத்தகத்தைத் திறந்தால் தூங்கி வழிந்த அதே பிள்ளைகள், ஊரைச் சுற்றிவிட்டு வந்தால் பார்த்ததையெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மேஜைமீது நத்தைகளை ஓடவிட்டு அவர்கள் வைத்த பந்தயம் பின்னாளில் பிரசித்தமாகிவிட்டது. சொன்னதைக் கரும்பலகையில் எழுதிப் படித்தார்கள். ஆனால் கரும்பலகையின் ஆயுள் எவ்வளவு? மாலைக்குள் எல்லாம் துணியோடு போய்விடும். 1924இல் ஃப்ரெனே ஒரு சிறு கை அச்சு யந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்தார்.

பிள்ளைகள் தங்கள் மனத்துக்குப் பட்டதை எழுதுவார்கள். அவற்றில் எது அச்சேறுவது என்று வகுப்பே ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்கும். தேர்ந்த கட்டுரையை எல்லோரும் கூடித் திருத்துவார்கள். பிறகு ஈய எழுத்துக்களைக் கோத்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பார்கள். அச்சுக்கூடத்தை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுத்துக் கோப்பது சாமானியக் காரியமல்ல. வார்த்தையைத் தலைகீழாகப் படிக்கவேண்டும். ஓர் எழுத்து மாறினால் பிரித்துத் திரும்பக் கோக்கவேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் கையால் பொறுக்கி வைக்கிற பையன் வீண்வார்த்தை எழுதமாட்டான். நாம் எழுதுவதை நொடியில் உலகத்துக்குக் காட்டிவிடும் வசதி இன்று நம் கையில் இருக்கிறது. அந்தத் தாமதம் கற்றுக்கொடுத்ததை இந்த வேகம் கற்றுக்கொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

அச்சான தாள்கள் ஊரோடு நின்றுவிடவில்லை. தேசத்தின் மறுகோடியில், அட்லாண்டிக் கடலோரத்து ட்ரேகங்க் கிராமத்தில் ரெனே தானியேல் என்ற ஆசிரியர் இருந்தார். இரண்டு பள்ளிகளும் தாள்களைத் தபாலில் மாற்றிக்கொண்டன. இதைத்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். நாரத்தைப் பூவைப் பற்றித் தன் ஆசிரியருக்கு எழுதும் பையன் எதையும் விளக்கமாட்டான். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! கடலோரத்துப் பையனுக்கு அந்தப் பூவே தெரியாது. அது எப்படி இருக்கும், யார் பறிப்பார்கள், எங்கே கொண்டுபோய் விற்பார்கள் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். முகம் தெரியாத ஒரு வாசகன் கிடைத்தவுடன் சிறுவன் எழுத்தாளனாகிவிடுகிறான். 1927இல், பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்களைச் சேர்த்து 'லா ஜெர்ப்' என்ற பத்திரிகையும் வரத் தொடங்கிற்று. கதிர்க்கட்டு என்று பொருள்.

ஆனால் அச்சேறிய எழுத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் அல்லவா? 1928இல் ஃப்ரெனே ஸேன்-போல் என்ற ஊருக்கு மாறினார். அங்கே பள்ளிக்கூடத்தின் நிலைமை மோசம். செலவுக்குக் கேட்டால் நகரசபை கையை விரித்தது. ஒரு சிறுவன் கனவு கண்டான்: பள்ளிச் சாமான்களுக்குப் பணம் தராத மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது. மேயர் கத்தியால் குத்துகிறார், பையன் திருப்பிக் குத்தி அவரைக் கொன்றுவிடுகிறான், ஃப்ரெனே மேயராகிறார்! கனவை அவன் எழுதினான், அது அச்சாயிற்று.

1932 டிசம்பரில் ஊர்ச் சுவர்களில் சுவரொட்டிகள் முளைத்தன. பிள்ளைகளுக்குக் கொலையும் புரட்சியும் போதிக்கிறாராம் உபாத்தியாயர்! வலதுசாரிப் பத்திரிகைகள் பாரிஸ்வரை கூச்சல் போட்டன. 1933 ஏப்ரலில் ஒரு கூட்டம் பள்ளியையே முற்றுகையிட்டது. அந்தக் கனவை அச்சிடாமல் விட்டிருக்கலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். புத்திசாலித்தனம் அதுதான். ஆனால் ஒருமுறை அவர் பேனாவால் அடித்திருந்தால், மறுநாள் முதல் வகுப்பிலுள்ள அத்தனை பேரும் உபாத்தியாயரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கியிருப்பார்கள். கடலோரத்து நண்பனுக்கு அதன்பின் என்ன போய்ச் சேர்ந்திருக்கும்?

அதே ஆண்டில் மேலதிகாரிகள் அவரை ஊரைவிட்டு மாற்றினார்கள். ஃப்ரெனே அரசாங்கப் பள்ளியையே விட்டு விலகினார். அருகிலுள்ள வான்ஸ் நகரின் குன்றொன்றில் மனைவி எலீஸுடன் சொந்தமாகப் பள்ளி கட்டி, 1935இல் திறந்தார். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் வீடிழந்த குழந்தைகள் பலர் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1940இல் அரசாங்கம் அவரைக் கைது செய்து முகாமில் அடைத்தது. யுத்தம் முடிந்த பிறகு வான்ஸுக்குத் திரும்பினார். 1966இல் அவ்வூரிலேயே கண்மூடும்வரை அந்தப் பள்ளியை அவர் கைவிடவில்லை, அச்சு யந்திரத்தையுந்தான்.