தாழ்ப்பாள் இல்லாத அறையில் மருத்துவர்

2020 மார்ச் 25. நாடு ஊரடங்கில் விழித்த அதே நாளில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. அதற்கு முன் இங்கே இல்லாத ஒன்றல்ல அது. ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்துக்கு 2000லேயே செயற்கைக்கோள் வழி மருத்துவம் வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவர்களுக்கு அச்சம் இருந்தது. 2018இல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு அதைக் கூட்டியது. ரத்னகிரியில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு, மருத்துவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலேயே மருந்து சொல்லப்பட்டது, அவர் இறந்துபோனார். 

2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. கைபேசி எண், ஓடிபி, வரிசை எண், பிறகு திரையில் மருத்துவர். கட்டணம் கிடையாது. பேருந்து ஓடாத நாட்களில் இது சிறிய உதவி அல்ல. தமிழ்நாடு இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் ஒன்று.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் நின்று பார்த்தால் கதை வேறு. 2006இல் நோக்கியா ஆலை திறந்த காலந்தொட்டு இங்கே கைபேசி செய்யும் கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை. உலகத்துக்கே பேசும் கருவியைச் செய்கிறவர்களுக்குத் தனியாகப் பேச இடம் இருந்ததா?

2021இல் என் பழைய மாணவி ஒருத்தி ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் வேலை பார்த்தாள். வெள்ளைப்படுதலும் அரிப்பும் தாங்க முடியவில்லை. விடுதி அறையில் எப்போதும் யாராவது ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நின்று மருத்துவரை அழைத்திருக்கிறாள். ‘ஆமா’, ‘இல்ல’ என்றே பதில். வார்டன் படியேறி வரும் சத்தம் கேட்டதும், “காய்ச்சல்தான் டாக்டர்” என்று சொல்லிவிட்டாள். காய்ச்சல் மாத்திரைக்கே சீட்டு வந்தது.

நோயாளியே அழைத்தால் சம்மதம் தந்ததாகக் கொள்ளலாம் என்கின்றன நெறிமுறைகள். எந்த மாடியில், யார் காதுக்குப் பயந்து நின்று அழைக்கிறாள் என்பது அந்தச் சம்மதத்துக்குள் வருவதில்லை.

அந்த டிசம்பரில் பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அறைக்கு ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்தது அப்போதுதான் செய்தியானது.

மாணவிக்குக் குணமானது பேருந்து ஓடத் தொடங்கிய பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்தில். “கட்டிலைச் சுத்தி ஒரு பச்சைத் திரை இருந்துச்சு மேடம், அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிட்டேன்” என்றாள்.