மொட்டைக் கோபுரம் இருந்த ஊர்

வழக்கமா நாம எங்கேயோ இருக்கிற ஊரோட வரலாற்றைப் பேசுவோம். இன்னைக்கு எங்க ஊர். நான் பிறந்து வளர்ந்து, இப்பவும் வீட்டு மாடியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு வேலை பார்க்கிற தென்காசி.

ஜூன் மாசம் பிறந்துட்டா காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்விதான் வரும்: "மக்கா, தண்ணி விழுதா?" போன சீசன்ல, விழுதுன்னு சொன்ன அந்த வாரக் கடைசியிலேயே நாலு பேர் பொதிகை எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கிட்டாங்க. பிளான் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், ராத்திரி பார்டர் பரோட்டா. ஆனா அன்னைக்கு மலையில நல்ல மழை. அருவியில வெள்ளம், குளிக்கத் தடை. சரி, சும்மா ரூம்ல உட்கார்ந்து என்ன பண்றதுன்னு காசி விஸ்வநாதர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

ராஜகோபுர வாசல்ல நுழையும்போதே மேற்கிலிருந்து வர்ற சாரல் காத்து முகத்துல அடிக்கும். அது எங்க ஊர்ப் பெருமை. அதைக் காட்டிப் பீத்திக்கிட்டிருந்தப்ப ஒருத்தன் அண்ணாந்து பார்த்துட்டுக் கேட்டான்: "ஏல, அடியில கல்லு பழசா இருக்கு, மேல எல்லாம் புதுசா இருக்கே. ஏன்?"

எனக்குப் பதில் தெரியலை. "பாண்டியர் காலத்துக் கோபுரம்ல" அப்படின்னு சமாளிச்சேன். "எந்தப் பாண்டியன்?"னு அடுத்த கேள்வி. அதுவும் தெரியலை. மூணு வருஷத்துக்கு முந்தின சர்வர் பிரச்சினையை நேரத்தோட சொல்லுவேன். தினமும் பைக்ல கடந்து போற கோபுரத்தைப் பத்தி ரெண்டு வரி சொல்லத் தெரியலை. அந்த வெட்கத்துல தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

கதை மதுரையில ஆரம்பிக்குது. 1311-ல் மாலிக் காஃபூர் படையெடுப்பு, அதுக்கப்புறம் மதுரை சுல்தான்கள், 1370-களில் விஜயநகரத்துக் குமார கம்பணன். இப்படி அடுத்தடுத்து வந்ததில் பாண்டியர்கள் மதுரையை இழந்து தெற்கே நகர்ந்தாங்க. பேரரசா இருந்தவங்க திருநெல்வேலிப் பக்கத்துச் சின்ன அரசர்களா ஆனாங்க. அந்த வரிசையில 1422-ல் பட்டத்துக்கு வந்தவர்தான் அரிகேசரி பராக்கிரம பாண்டியன்.

வட காசிக்குப் போற வழியிலேயே நிறைய பேர் இறந்து போறாங்க, அதனால இங்கேயே ஒரு காசி கட்டுன்னு சிவன் கனவுல வந்து சொன்னதா ஊர்ல ஒரு கதை உண்டு. எறும்பு ஊர்ந்து போன வரிசையைத் தொடர்ந்து போய் லிங்கத்தைக் கண்டுபிடிச்சார்னும் சொல்லுவாங்க. கதை எப்படியோ, 1440-களில் கோயில் வேலை தொடங்கியது உண்மை. தெற்கே இருக்கிற காசி, அதனால தென்காசி. ராஜகோபுர வேலையையும் அவரே ஆரம்பிச்சார். 1463-ல் அவர் காலம் முடிஞ்சப்போ கோபுரம் முடியலை. தம்பி குலசேகர பாண்டியன்தான் அதை முடிச்சார். 9 நிலை, சுமார் 180 அடி.

என்னை ரொம்ப உலுக்கின விஷயம் இதுக்கப்புறம்தான். பராக்கிரம பாண்டியனோட கல்வெட்டுகள்ல சிலது பாட்டு வடிவத்துல இருக்கு. அதுல ஒண்ணோட பொருளை என் வார்த்தையில சொல்றேன். இந்தக் கோயிலுக்குப் பின்னாடி ஏதாவது குறை வரலாம். அப்படி வந்தா, அதைச் சரிபண்ணிக் காப்பாத்துறவங்க யாரா இருந்தாலும், உலகமறிய அவங்களை இப்பவே வணங்குறேன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாதாரணமா ராஜா கல்வெட்டுன்னா தன் வெற்றி, தன் தானம், தன் பட்டப்பேரு. இங்கே ஒரு ராஜா, இன்னும் பிறக்காத யாரோ ஒருத்தர் முன்னாடி குனியுறார். நாங்க கோடு எழுதும்போது, அடுத்து மெயின்டெயின் பண்ண வர்றவங்களுக்குன்னு ஒரு கமென்ட் போட்டு வைப்போம். ஆனா அதுல இவ்வளவு பணிவு இருந்ததே இல்லை. மதுரையே கைவிட்டுப் போன குடும்பத்துல வந்தவர், கட்டினது எல்லாம் அப்படியே நிக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

அவர் பயந்த குறை வரவும் செய்தது. 19-ஆம் நூற்றாண்டுல ராஜகோபுரம் தீப்பிடிச்சுச் சிதைஞ்சது. பெரிய கோபுரங்கள்ல பொதுவா அடிப்பகுதிதான் கருங்கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும். உள்ளே மர உத்தரங்களும் இருக்கும். தீப்பிடிச்சா மேல இருக்கிறது போயிடும், கல் நிக்கும். அப்படித்தான் நின்னது. நூறு வருஷத்துக்கும் மேல அதுக்கு ஊர்ப் பேரு மொட்டைக் கோபுரம். பிறகு திருப்பணி நடந்து 1990-ல் கும்பாபிஷேகம் ஆனது. நண்பன் பார்த்த பழசும் புதுசும் அதுதான். 2025 ஏப்ரல்ல மறுபடியும் ஒரு கும்பாபிஷேகம் நடந்தது.

அன்னைக்குச் சாயங்காலம் குற்றாலத்துக்கும் போனோம். வழியில வர்ற மேலகரம்தான் குற்றாலக் குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். 18-ஆம் நூற்றாண்டுக்காரர். அந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்குக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடுன்னே பேரு. அருவிக்குத் தடை இருந்ததால குற்றாலநாதர் கோயிலையும் பக்கத்துல இருக்கிற சித்திர சபையையும் பார்த்தோம். நடராஜருக்குச் சொல்ற ஐந்து சபைகள்ல இது ஒண்ணு. மத்த இடங்கள்ல விக்கிரகம். இங்கே அவர் சுவத்துல ஓவியம். ஈரக்காத்து வீசுற ஊர்ல சுவர் ஓவியம் நிக்கிறதே அதிசயம். இதையும் யாரோ பார்த்துக்கிட்டே இருந்திருக்கணும்.

நண்பர்களோட குற்றாலத்தைச் சுத்துறதுல எங்களுக்கு முன்னோடி உண்டு. ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்துல, 1954-ல் மறையும் வரை, இங்கேதான் வாழ்ந்தார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவரைத் தேடி வருவாங்க. அருவிக் குளியல், சாப்பாடு, அப்புறம் கவிதை. நாங்க முதல் ரெண்டோட நிறுத்திக்கிட்டோம், அவ்வளவுதான்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட கேட்டேன். "நான் படிக்கிற காலத்துல மேல ஒண்ணுமே கிடையாது தம்பி. கல்லு மட்டும் நிக்கும். உள்ள போகவே பயமா இருக்கும்"னார். 90-ல் கும்பாபிஷேகம் நடந்த அன்னைக்கு அவர் அந்தக் கூட்டத்துல நின்னிருக்கார். தாத்தாவும் கூட நின்னிருக்கார். தாத்தா தன் காலம் முழுக்க மொட்டையாவே பார்த்த கோபுரம், அன்னைக்குத்தான் முழுசா கலசத்தோட நின்னுச்சாம். தாத்தா அழுதுட்டாராம்.

"இதை ஏம்ப்பா எங்கிட்ட சொன்னதே இல்லை?"ன்னு கேட்டேன்.

"நீ கேட்டதே இல்லையே"ன்னார்.

மறுநாள் தடை நீங்கிடுச்சு, ஐந்தருவியில ஆசை தீரக் குளிச்சோம். ஆனா அந்த டிரிப்ல எனக்கு மிஞ்சினது அப்பா சொன்ன அந்த ஒரு வரிதான்.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர்ல தினமும் தாண்டிப் போற ஏதாவது ஒரு கட்டடத்தைப் பத்தி வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கேட்டதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேட்போம்.