குருத்தணுவும் மக்கா ஃபிக்ஹ் பேரவையும்

1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன், மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் (ஸ்டெம் செல்) பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்ல அவற்றைப் பெற, சில நாட்களே ஆன கருவை அழிக்க வேண்டியிருந்தது. அதற்கு நாற்பதாண்டுகள் முன்பே தொடங்கிவிட்ட எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் இந்தச் சிக்கல் இல்லை.

2003 டிசம்பரில் ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் பேரவை, புனித மக்காவில் நடைபெற்ற தனது 17ஆவது அமர்வில் இதனை ஆராய்ந்தது. 120 நாட்களுக்குப் பின்னரே ரூஹ் ஊதப்படுகிறது என்ற பெரும்பான்மை விளக்கத்தை மட்டும் கொண்டு கதவை முழுவதும் திறந்திருக்கலாம். பேரவை அவ்வாறு செய்யவில்லை. அணு எவ்வழியில் பெறப்பட்டது என்று பார்த்தது. சம்மதம் அளித்த பெரியவரின் உடல், நச்சுக்கொடி, தொப்புள்கொடி இரத்தம், பெற்றோர் அனுமதியுடன் தானாகக் கலைந்த கரு ஆகியவற்றிலிருந்து எடுப்பது ஆகும். செயற்கைக் கருவூட்டலில் எஞ்சி, பெற்றோர் மனமுவந்து அளித்த கருவும் ஆகும். இந்த இறுதி அனுமதியே, என் பார்வையில், மிகத் துணிவானது. மார்க்கம் ஏற்கும் காரணமின்றி வேண்டுமென்றே கலைத்த கருவும், சிகிச்சைக்கான படியாக்கமும் ஹராம்.

ஜப்பானியர் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் அணுக்களையும், 2007இல் மனிதத் தோலணுக்களையும் குருத்தணு நிலைக்குத் திருப்பினார், கரு தேவைப்படவில்லை. 2012இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் ஃபகீஹுக்கு வேலை குறையவில்லை. இரத்தம் உண்டாக்கும் குருத்தணு மாற்றே இன்றும் பரவலாக நிலைபெற்ற சிகிச்சை. நிரூபணமற்ற ஊசிகளை எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்போர் பல நாடுகளில் உள்ளனர். அங்கே கேள்வி கருவைப் பற்றியதன்று, நோயாளியை ஏமாற்றும் வியாபாரத்தைப் பற்றியது.