கொள்ளுத்தாத்தா பெயர் எந்தப் புத்தகத்தில்?



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று வீட்டில் கேட்டு எழுதி வரவேண்டும். அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் தாத்தாவோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேலே கேட்டால், "கப்பல்ல வந்தாரு சார்" என்பதுதான் பதில். ஒரு பையன் மட்டும் பெயர் கொண்டு வரவில்லை, கதை கொண்டு வந்தான். "இந்தக் காட்டை அழிச்சதே எங்க கொள்ளுத்தாத்தாதானாம் சார். சொந்தமா நிலம்கூட இருந்துச்சாம். பாட்டி சொன்னாங்க. கிராண்டு எங்கேன்னுதான் தெரியல." பிறகு அவன் கேட்டான்: "அவரு பேரு கவர்மெண்டு புத்தகத்துல இருக்குமா சார்?"

அன்றைக்கு அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலப் புத்தகத்தைப் பார்ப்போம். நம் கோலசிலாங்கூர் ஒரு காலத்தில் சுல்தான்களின் ஊர். புக்கிட் மெலாவத்தி குன்றின் மேலிருந்து ஆற்று வாயைக் காவல் காத்தார்கள். அந்தக் காலத்து வரி ஆற்றில்தான் பிறந்தது. உள்ளூரிலிருந்து ஈயம் ஏற்றி வந்த படகுகள் வாயிலில் வரி கட்டின. நிலத்துக்கு வேறு வழக்கம் இருந்தது. மலாய்க்காரர்களின் பழைய முறைப்படி காடு 'செத்த நிலம்'. எவன் வெட்டித் திருத்திப் பயிர் வைக்கிறானோ அவன் அதற்கு உயிர் கொடுத்தவன். பயிர் செய்கிறவரை நிலம் அவனுடையது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அரசருக்குச் சேரும். இதை விவரமாக எழுதி வைத்தவர் மாக்ஸ்வெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவரே 1889-இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் காலத்தில்தான், 1891-இல், நிலப் பட்டாவைப் பதிவு செய்யும் புதிய சட்டம் இங்கே வந்தது. தென் ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் என்பவர் தொடங்கிய முறை அது. புத்தகத்தில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர். வெட்டினவன் யார், திருத்தினவன் யார் என்று அந்தப் புத்தகம் கேட்காது.

நம்மவர்கள் பெருங்கூட்டமாக இந்தப் பக்கம் வந்தது அதற்குப் பிறகு. முதலில் காப்பித் தோட்டம், பிறகு ரப்பர். 1910-இல் லண்டனில் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டி விலை போனது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை என்று எங்கு பார்த்தாலும் காடு சாய்ந்தது. சாய்த்தவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கிராண்டு கம்பெனி பெயரிலோ துரை பெயரிலோ இருந்தது. கொள்ளுத்தாத்தா காட்டை வெட்டியது உண்மைதான் என்றாலும், அந்தக் கிராண்டில் அவரைத் தேடிப் பயனில்லை.

ஆனால் அந்தப் பாட்டி சொன்னது வெறும் கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கங்காணிகள், மாட்டுவண்டிக்காரர்கள், பால்மாடு வளர்த்தவர்கள் சிலர் ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் என்று வாங்கத்தான் செய்தார்கள். பத்து ஏக்கருக்கு உட்பட்ட கிராமத்து நிலங்கள் பெரும்பாலும் முக்கிம் பதிவேட்டில் ஏறும். அது மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். இங்கேதான் ஒரு சிக்கல். அந்தப் பதிவேடு ஆள் பெயர் வரிசைப்படி எழுதப்பட்டதில்லை, நிலத்தின் வரிசைப்படி எழுதப்பட்டது. "எங்க தாத்தா பேரு இது, பாருங்கய்யா" என்று கவுண்டரில் கேட்டால் தேட வழியில்லை. எந்த முக்கிம், எந்த லாட் நம்பர் என்று சொல்ல வேண்டும். பழைய நிலவரி ரசீது ஒன்று, மஞ்சள் பூத்த துண்டுக் காகிதம், தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. அதில் நம்பர் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, யாரிடம் அடமானம் இருந்தது என்பது எல்லாம் வரிசையாகத் தெரியும். 1930-களில் ரப்பர் விலை விழுந்தபோது செட்டியாரிடம் அடமானம் வைத்த சிறு நிலங்கள் பல கை மாறின. பையனின் கொள்ளுத்தாத்தா நிலமும் அப்படிப் போயிருக்கலாம்.

பெயரும் நம்மைப் பாடாய்ப் படுத்தும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முனியாண்டி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முனியாண்டி. கிராணியோ வெள்ளைக்காரத் துரையோ காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ஒரே ஆள் ஒரு காகிதத்தில் ராமசாமி, இன்னொன்றில் ராமாசமி, மூன்றாவதில் வெறும் சாமி. ஆகவே தேடுகிறவர்கள் தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

பழைய சிலாங்கூர்க் காகிதங்களில் தமிழர் பெயரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தம்புசாமிப் பிள்ளை பெயரைப் பல இடங்களில் பார்க்கலாம். 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். 1875-இல் முதல் ரெசிடெண்ட் டேவிட்சனோடு சிலாங்கூருக்கு வந்து கருவூலத்தில் வேலை பார்த்தார். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலும் பத்துமலையும் அவர் பெயரோடு சேர்ந்தவை. மாநிலத்து வரிக் கணக்கை எழுதிய கைகளில் ஒரு தமிழன் கையும் இருந்தது. எழுத்துத் தெரிந்தவர் பெயர் தங்கிவிட்டது.

அப்படியானால் கூலிக்காரர் எந்த வரிக் கணக்கிலும் இல்லையா? இருக்கிறார். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தங்களிடம் தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்த நாட்களைக் கணக்கிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் புதிய ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் கொடுத்தார்கள். 1930-க்குப் பிறகு மந்த காலத்தில் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பியதும் அதே நிதியிலிருந்துதான். 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆனது. 1999-இல் கலைக்கப்பட்டது. மாணவர்களே, இதைக் கவனியுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற ஒவ்வொரு நாளும் நம் கொள்ளுத்தாத்தா அரசாங்கக் கணக்கில் ஏறியிருக்கிறார், நாளாக, எண்ணாக. அவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலோடு நின்றுவிட்டது.

பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். 1917-இல் இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதல் செம்பனை நட்டது அங்கேதான். ஹென்றி ஃபொக்கொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை தொடங்கியது. அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அதில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். துரை பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. குழி தோண்டியவர்கள் பெயர் அதில் இல்லை. ஆனால் தென்னமரம் என்ற அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம்ம வீட்டுப் பேச்சு மாதிரியே காதில் விழுகிறது!

கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கு இன்னும் சில வழிகள் உண்டு. கங்காணி லைசென்சு வாங்கித் தன் சொந்த ஊரில்தான் ஆள் எடுப்பார். ஆகவே கங்காணி ஊர் தெரிந்தால் தாத்தா ஊர் பக்கத்தில் இருக்கும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாக வந்தவர்கள் ஏராளம். 1938-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது, அதற்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. கோலாலம்பூரில் அர்கிப் நெகாராவில் சிலாங்கூர் செயலகத்துப் பழைய கோப்புகள் இருக்கின்றன. நிலம் கேட்ட மனு, கோயிலுக்கு இடம் கேட்ட மனு, சண்டை வழக்கு இவற்றில்தான் சாதாரண மனிதன் பெயர் எட்டிப் பார்க்கும். ஜப்பான் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போன நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளில் பெயர் செதுக்கியிருக்கிறது.

காகிதம் இல்லாததால் பட்ட கஷ்டம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோது, சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள்! இங்கே பிறந்தவர்தான், ஆனால் பிறந்ததற்குச் சூரா இல்லை.

அந்தப் பையனிடம் இப்போது இப்படிச் சொல்லியிருக்கிறேன்: "நில ஆபீசுக்கு அப்புறம் போகலாம். முதலில் பாட்டியிடம் போ. எந்தத் தோட்டம், எத்தனாவது கட்டை, பக்கத்து நிலம் யாருடையது, கங்காணி யாரு, எல்லாம் கேளு. தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேளு." பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தமாம். சத்தமாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.