மார்பும் மார்பகமும்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கையில் 'அகலம்' என்ற சொல் வந்தால் மார்பு என்று பொருள் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். மாலை சூடுவதும் சந்தனம் பூசுவதும் பகைவரின் வேலை ஏற்பதும் அந்த அகலந்தான். அதில் பட்ட விழுப்புண் புகழுக்கு உரியது, முதுகில் பட்ட புறப்புண் நாணத்திற்கு உரியது. வெளியிலிருந்து வரும் புண்ணைப் பற்றி இத்தனை நுட்பமாகச் சிந்தித்த மரபு, ஆண் மார்பின் உள்ளிருந்தே எழும் புண்ணுக்கு இலக்கணம் வகுக்கவில்லை.

இன்று அதற்கு 'ஆண் மார்பகப் புற்றுநோய்' என்று பெயர். பழைய இலக்கியங்களில் கூச்சமின்றிப் புழங்கிய 'முலை' என்ற சொல் அவைக்கு ஆகாததாகிவிட, நவீன மருத்துவத் தமிழ் அதனிடத்தில் 'மார்பகம்' என்பதை அமர்த்திக்கொண்டது. மார்பின் அகம் என்று பிரித்துப் பார்த்தால் அச்சொல்லில் பால் வேறுபாடு ஏதுமில்லை. ஆனால் வழக்கு அதைப் பெண்ணுக்கே உரியதாக்கிவிட்டது. எனவே இந்நோயின் பெயரைக் கேட்கும் ஆடவர் முதலில் அது தமக்கு வராது என்கிறார், வந்த பின்போ வெளியே சொல்ல முடியாது என்கிறார். சொல் தேர்ந்தவர்கள் மீது நமக்குக் குறையில்லை. ஒரு கலைச்சொல் எவரை உள்ளே அழைக்கிறது, எவரை வாசலில் நிறுத்துகிறது என்பதுதான் நம் கவலை.

நோய் ஒன்றும் புதிதல்ல. கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட எகிப்திய மருத்துவச் சுருளொன்று, எட்வின் ஸ்மித் சுருள் என வழங்குவது, மார்பில் புடைத்தெழும் கட்டிகளை விவரித்துவிட்டு இதற்குச் சிகிச்சை இல்லை என்று முடிக்கிறது. அங்கே நோயாளி ஆண்பாலில் குறிக்கப்படுகிறார். அது பொதுவழக்கா, உண்மையிலேயே ஆடவரா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஐயத்திற்கிடமின்றி ஓர் ஆணின் மார்பகப் புற்றை எழுதி வைத்தவராகப் பெரும்பாலும் சொல்லப்படுபவர் 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் ஆர்டர்ன். அவர் குறித்த நோயாளி ஒரு பாதிரியார்.

தமிழகத்தில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எழுந்த கதை முழுக்கவே பெண்களால் எழுதப்பட்டது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்ட மேலவைக்குள் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். குடலின் கீழ்ப்பகுதியில் வந்த அந்த நோயைத் தொடக்கத்தில் எவரும் கண்டறியவில்லை. அந்த இழப்பு ஒரு மருத்துவமனையாக உருப்பெற முப்பது ஆண்டுகளாயின. அரசின் கதவைத் தட்டியபோது புற்றுநோயாளிகள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள் என்ற பொருளில் மறுமொழி வந்தது என்பார்கள். இந்திய மாதர் சங்கம் ஊர் ஊராக நிதி திரட்டியது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த சாந்தாவும் அதனை வளர்த்தனர். மருத்துவர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அவ்வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். (நிலையம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்புதான் விருதுநகர்க்காரரான காமராசர் முதலமைச்சரானார். அவ்வூரார் இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.)

பெண்கள் தொடங்கினார்கள், பெண்களின் கருப்பைவாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் அங்கே கவனம் பெற்றன. அது நியாயமே. மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஆடவர் ஒருவர்கூட முழுதாகத் தேறமாட்டார். ஆனால் ஆண்களின் புற்றுநோய் எல்லாமே பேசாப் பொருளாக இருந்ததில்லை. அண்ணா 1968இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டது தமிழகம் முழுதும் பேசப்பட்டது. 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தபின் அவர் பெயரிலேயே காஞ்சிபுரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையும் எழுந்தது. தொண்டைப் புற்றையும் வாய்ப்புற்றையும் ஆண்கள் சொல்லிக்கொள்ளலாம், அனுதாபமும் கிடைக்கும். மார்பகத்திற்கு மட்டும் அந்த உரிமை கிட்டவில்லை.

அதே மெமோரியல் மருத்துவமனை இந்நோயின் வரலாற்றில் இன்னோர் இடத்திலும் வருகிறது. 1942இல் அங்கே ஃபேரோ, அடேர் என்ற இரு மருத்துவர்கள், மார்பகப் புற்று எலும்புவரை பரவிய ஓர் ஆணுக்கு விரைகளை அகற்றினால் நோய் பின்வாங்குவதை அறிவித்தனர். பெண்களுக்குக் கருவகம் அகற்றினால் பயன் உண்டென 1896இல் பீட்சன் காட்டியிருந்ததன் மறுபக்கம் அது. நோய் முற்றிய ஆணுக்கு அடுத்த முப்பதாண்டுக் காலம் மருத்துவம் கையில் வைத்திருந்த முதன்மையான வழி இதுவே. மார்பகம் என்ற சொல்லுக்கே கூசுகிறவரிடம் இதைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் இசைந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர்களை அந்தக் கத்தியிலிருந்து விடுவித்தது ஒரு தோற்றுப்போன கருத்தடை மாத்திரை. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் 1962இல் உருவாக்கிய தமாக்சிஃபென் கருத்தடைக்கு உதவவில்லை. மார்பகப் புற்றுக்கு உதவியது. 1973இல் பிரிட்டனில் பெண்களுக்கென விற்பனைக்கு வந்தது, பின்னர் ஆண்களுக்கும் வழங்கினார்கள். ஆண் மார்பகப் புற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைக் கொண்டவை. எனவே அறுவைக்குப் பின் ஐந்தாண்டு இம்மாத்திரை என்பது இன்றும் பொது நெறி. நம் ஊர் மருந்துக்கடைகளிலும் மலிவாகக் கிடைப்பதுதான். வெந்நீர் பாய்ந்தாற்போல் உடல் கொதிப்பதும் ஆசை குன்றுவதும் இதன் பக்கவிளைவுகள். மருத்துவரிடம் சொல்லாமலே நடுவில் நிறுத்திவிடும் ஆடவர் உண்டு.

ஆக, அறுவை முறையும் மாத்திரையும் பெண்களிடம் பெற்ற கடன். ஆண்களுக்கெனத் தனி ஆய்வு நெடுங்காலம் நடக்கவில்லை. மருந்துச் சோதனைகளில் ஆடவரையும் சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டதே 2020இல்தான். ஆயினும் கடன் ஒருவழியில் மட்டும் ஓடவில்லை. பரம்பரை மார்பகப் புற்றுக்குக் காரணமான முதல் மரபணுவின் இருப்பிடத்தை 1990இல் மேரி கிளேர் கிங் கண்டறிந்தார். ஆண்களுக்கும் இந்நோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது அந்த மரபணுவோடு அவை பொருந்தவில்லை. அப்படியானால் வேறொன்று இருக்க வேண்டும் என்ற தேடலுக்கு அக்குடும்பங்கள் வலுச்சேர்த்தன. 1994இல் இரண்டாம் மரபணுவின், அதாவது பி.ஆர்.சி.ஏ. 2இன், இருப்பிடம் தெரியவந்தது. இன்று எத்தனையோ பெண்களை முன்கூட்டியே எச்சரிக்கும் பரிசோதனைக்குப் பின்னால், தமக்கு வந்ததை மறைக்காத சில ஆண்களும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் சிவகாசிப் பக்கம் வர வேண்டியிருக்கிறது. வெடிவிபத்து வந்தால் அந்த மண்ணை நாடே திரும்பிப் பார்க்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது யாருக்கும் மறந்திராது. தீக்காயத்திற்கு எங்கே ஓட வேண்டும் என்பது அங்கே சிறுவருக்கும் தெரியும். மெல்ல வளரும் நோய்க்கு அப்படி ஓட்டம் இல்லை. பட்டாசு மருந்துக்கும் ஆண் மார்பகப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதாக எவரும் நிறுவவில்லை, அப்படி யாரும் எண்ணிக்கொள்ளவும் வேண்டாம். முதுமை, குடும்ப வரலாறு, பருமன், கல்லீரல் சுருக்கம், கிளைன்ஃபெல்டர் என்னும் பிறவிக் குறைபாடு ஆகியவைதாம் அறியப்பட்ட காரணிகள்.

அலுமினியத் தூள் படிந்த உடம்போடு வீடு திரும்பிக் குளிக்கையில் காம்புக்கு அருகே வலியற்ற ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது என்று கொள்வோம். மூட்டை தூக்கியதால் வந்த வீக்கம் என்பார், நெறி கட்டியிருக்கிறது என்பார், பத்துப் போடுவார். காம்பு உள்ளிழுத்துக்கொண்டோ இரத்தம் கசிந்தோ வேட்டியோ துண்டோ கறைபடும் வரை மாதங்கள் ஓடும். ஆண் மார்பில் திசு குறைவு. கட்டி தோலையும் தசையையும் எட்ட அதிக தூரமில்லை. (மார்பு பருத்திருப்பதெல்லாம் புற்றல்ல, பெரும்பாலும் அது தீங்கற்ற வீக்கமே. அதைப் பிரித்தறிவதும் மருத்துவர் வேலைதான்.) பெண்களுக்கு நடத்தும் முகாம்களை ஆண்களுக்கும் நடத்து என்று கேட்பது, நோயின் அருமையைப் பார்க்கையில், பொருந்தாது. எனவே அவர் தானே புறப்பட்டு வந்தால்தான் உண்டு.

வருவதற்கு வழிகள் முன்னைவிட இருக்கின்றன. தொழிலாளர் காப்பீட்டு அட்டை உள்ளவருக்குச் சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி. கதிர்வீச்சுக்கு மதுரை, அதற்கு மேல் அடையாறு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைகள் அடங்கும். புற்றுநோயாளிக்கு இரயிலில் படுக்கை வசதி வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை, உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு. பொதிகை விரைவு வண்டி சிவகாசியில் நின்றுதான் சென்னை செல்கிறது. பயணத்தின் கடினமான பகுதி அதற்குப் பின்னர், மார்பகப் பிரிவின் முன்னுள்ள விசுப்பலகையில் இருக்கிறது. சுற்றிலும் பெண்கள். சீட்டு மனைவிக்கா என்று கேட்பார்கள். ஆறுதல் கூட்டங்களும் துண்டறிக்கைகளும் பெண்ணை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. செயற்கை மார்பகம் பற்றிய விளக்கம் அவருக்கு எதற்கு? 'ஷாஃப்ட்' படத்தில் முரட்டு நாயகனாக நடித்த ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ, 1993இல் தமக்கு இந்நோய் வந்ததைப் பின்னாளில் மேடைகளில் சொன்னார், முப்பதாண்டு வாழ்ந்து 2023இல் மறைந்தார். நம் திரையுலகில் அப்படியொருவரை நாம் இன்னும் கேள்விப்படவில்லை.

மார்பகப் புற்று வந்த ஆண் எவராயினும், வயதைப் பாராமல், மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இன்றைய நெறி. பி.ஆர்.சி.ஏ. 2 பிறழ்வு அவரிடம் இருந்தால் அது மகளுக்கோ மகனுக்கோ செல்லும் வாய்ப்பு சரிபாதி. அப்பிறழ்வுள்ள ஆடவரில் வாழ்நாளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே மார்பகப் புற்று காண்பர். பெண்ணுக்கோ அது பாதிக்கும் மேல். திருத்தங்கலிலோ சாத்தூரிலோ வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்கு, அப்பாவுக்கு நெஞ்சில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் செய்தி போகும். பின்னொரு நாள் மருத்துவர் அவளிடம் குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகப் புற்று உண்டா என்று கேட்கையில், அவள் அம்மாவையும் சித்தியையும் அத்தையையும் நினைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்பாள்.