சோதனைக் குழாயில் எழுந்த கேள்வி

சிறுநீரைக் கண்டு நோயைத் தெளிவது மிகப் பழைய வழக்கம். நம் சித்த வைத்தியர்கள் அதில் ஒரு துளி எண்ணெய்யை விட்டு, அது பரவும் விதத்தை நோக்கி நோயைக் கணித்தனர். அதற்கு நெய்க்குறி என்று பெயர். சிறுநீரில் கலந்து வரும் ஒரு புரதத்தைக் கொண்டு புற்றுநோயை அறியலாம் என்பது பிற்காலத்துச் செய்தி. அதன் வரலாறு லண்டன் மாநகரில் தொடங்குகிறது.

அந்நகரத்து மளிகை வணிகர் ஒருவர் 1845-ஆம் ஆண்டில் கடும் எலும்பு வலியால் வருந்தினார். அவருக்கு அப்போது வயது 45. அவருக்குச் சிகிச்சை செய்த வில்லியம் மக்கின்டயர், தாமஸ் வாட்சன் என்னும் வைத்தியர்களை அவருடைய சிறுநீர் திகைக்க வைத்தது. நைட்ரிக் அமிலம் சேர்த்ததும் அது தெளிந்தது, ஆறியபோது திரண்டது, சூடேற்றினால் மீண்டும் கரைந்தது. வெந்த முட்டையின் வெண்கரு எவ்வளவு கொதித்தாலும் கரைவதில்லை அன்றோ? ஆகவே, இஃது என்ன பொருள் என்று கேட்டு, நவம்பர் மாதத் தொடக்கத்தில் அதனை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் வைத்தியருக்கு அனுப்பினர். இரசாயனத்திலும் வல்லவரான அவர், அது புரத வகையைச் சேர்ந்தது என்று கண்டார். நோயாளியோ 1846 ஜனவரி முதல் நாளன்று காலமானார். எலும்பு மென்மையுறும் பிற நோயாளிகளிடத்தும் இப்பொருளைத் தேட வேண்டும் என்று பென்ஸ் ஜோன்ஸ் பின்னர் எழுதினார்.

மொழிபெயர்ப்போர் அறிந்த சங்கடம் ஒன்று உண்டு: சொல் கண்முன் இருக்கும், பொருள் விளங்காது. வைத்திய உலகமும் அந்நிலையில்தான் நெடுங்காலம் இருந்தது. 1962-இல் ஜெரால்ட் எடெல்மனும் ஜோசப் காலியும் அப்பொருளை விளக்கினர். நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் ஆக்கும் எதிர்ப்புரதத்தின் இலேசான சங்கிலியே அது. எலும்பு மஜ்ஜையின் அணுக்கள் சில புற்றாக மாறி அதனை மிகுதியாகப் பெருக்குகின்றன. மிகுந்தது சிறுநீரில் இறங்குகிறது. விடை கிடைக்க 117 ஆண்டுகள் ஆயின.

அன்று தொடங்கிய தேடல் வேறு புற்றுநோய்களுக்கும் விரிந்தது. சிறுநீர்ப்பைப் புற்றை அறிய உதவும் என்.எம்.பி.22 என்ற புரதச் சோதனைக்கு அமெரிக்க அரசு 1996-இல் அனுமதி வழங்கியது. எனினும் கல்லடைப்பும் அழற்சியும்கூட அப்புரதத்தை மிகச் செய்யும். ஆதலால் குழாய்க் கருவி கொண்டு சிறுநீர்ப்பையின் உட்புறத்தை நேரில் நோக்குவது இன்றும் இன்றியமையாதது. அடையாளம் வேறு, தீர்ப்பு வேறு.

இவ்வரலாறு நமக்கும் ஒன்று கூறுகிறது. பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம், சிறுநீர் பற்றி வைத்தியரிடம் பேசக் கூசுகிறோம். சொல் தெரியவில்லை என்று தள்ளிப் போடுகிறோம். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிடினும் வாளாவிருத்தல் ஆகாது. வைத்தியர் குறியைப் படிப்பதற்கு முன்னர், நாம் அதனைச் சொல்லியாக வேண்டும்.