மோட்டார் சைக்கிள் லைசன்ஸ்: எழுத்துப் பரீட்சைக்கு ஆயத்தமாவது எப்படி?

வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத வீடு குறைவு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடுகிறவர் இல்லாத வீடும் குறைவு. பெட்ரோல் இல்லாத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது. வண்டியை உருட்டி ஓடவைக்கும் கலையை எல்லோரும் கற்றார்கள். வீதிக் குறியீடுகளைக் கற்கும் தேவை அன்று யாருக்கும் வரவில்லை. இன்று அந்தத் தலைமுறையும் அதன் பிள்ளைகளும் பொலிஸைக் கண்டால் ஒழுங்கைக்குள் திரும்புகிறார்கள். பிடிபட்டால் தபாலகத்தில் தண்டம் கட்டி முடிகிற விடயமல்ல, நேரே நீதிமன்றம். விபத்தென்றால் இன்னும் மோசம்: வண்டிக்கு முழுக்காப்புறுதி இருந்தாலும், அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டிய வண்டியின் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பெடுக்காது. குடும்பத்தின் ஒரே உழைப்பாளியிடம் இருப்பது அந்த ஒரு வண்டிதான் என்னும்போது இது சின்ன விடயமல்ல.

முதலில் ஆவணங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். அந்த நிறுவகத்துக்கு மாவட்டக் கிளைகள் உண்டு. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வழியுண்டு. அதற்கு நாளெடுக்கும், ஆகவே பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். உடலில் ஷெல் துண்டுள்ளவர்கள், காலையோ கையையோ இழந்தவர்கள், செவிப்புலன் குறைந்தவர்கள் பழைய வைத்தியசாலைக் குறிப்புகளையும் கொண்டுபோவது நல்லது. தகுதியைத் தீர்மானிப்பது மருத்துவர். ‘உங்களுக்குத் தரமாட்டார்கள்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்காகப் போகாமல் விடவேண்டாம்.

எந்த வகுப்புக்கு விண்ணப்பிப்பது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஏ1’ என்பது 100 சிசிக்கு மேற்படாத இலகு மோட்டார் சைக்கிள்களுக்கு. அதற்கு மேல் ‘ஏ’. ஸ்பிளெண்டர் 97 சிசி, ஸ்கூட்டி பெப் பிளஸ் 88 சிசி அளவில் என்பதால் இரண்டும் ஏ1க்குள் அடங்கும். பெண்கள் அதிகம் ஓடும் டியோவோ 109 சிசி, பிளஷர் 102 சிசி. ‘ஸ்கூட்டிதானே’ என்று ஏ1 எடுத்துவிட்டு டியோ ஓடினால் உங்களிடம் அந்த வண்டிக்குரிய அனுமதிப்பத்திரம் இல்லை என்றே பொருள். எடுக்கும்போதே ஏ எடுப்பதுதான் புத்தி.

எழுத்துப் பரீட்சையில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணி நேரம். தமிழிலேயே எழுதலாம். ஆனால் அந்தத் தமிழ் நாம் வீதியில் பேசும் தமிழ் அல்ல. நாங்கள் ‘ஓவர்டேக்’ என்போம், வினாத்தாளில் ‘முந்திச் செல்லல்’ என்றிருக்கும். ரவுண்டபோட் ‘சுற்றுவட்டம்’ ஆகிவிடும். ரயில் கேற் ‘புகையிரதக் கடவை’, சீப்ரா குறோசிங் ‘பாதசாரிக் கடவை’. இருபது வருடம் ஓடிய அனுபவமுள்ளவரும் இந்தச் சொற்களில் தடக்குப்படலாம். படிக்கும்போது புத்தகத்தை மனதுக்குள் வாசிக்காமல், வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்றிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பாடமாக்கத் தேவையில்லை. வடிவமும் நிறமும் பாதி விடையைச் சொல்லிவிடும். மஞ்சள் நிறச் சாய்சதுரம் என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது என்ற எச்சரிக்கை. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை அல்லது கட்டுப்பாடு. நீல வட்டம் கட்டாயம் செய்யவேண்டியது. எண்கோணம் ‘நில்’, தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’. சுற்றுவட்டத்தில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. மோட்டார் சைக்கிளின் வேக எல்லை கட்டிடங்கள் நிறைந்த பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. இரத்தத்தில் மதுவின் எல்லை 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமே இல்லை. பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்; பிள்ளையை நடுவில் இருத்தி மூவராகப் போவது எவ்வளவு வழக்கமானாலும் குற்றம்தான்.

புகையிரதக் கடவையைப் பற்றிய வினாக்களை மட்டும் புள்ளிக்காகப் படிக்காதீர்கள். 1990இல் நின்ற யாழ்ப்பாணத்துக்கான ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின, பாதை நடைவழியாகவும் மாட்டுவழியாகவும் ஆனது. 24 ஆண்டுகள் ரயிலையே காணாமல் வளர்ந்தவர்களின் ஒழுங்கைகளுக்குக் குறுக்கே அது மறுபடி ஓடத் தொடங்கியது. பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் போனது நீங்கள் அறிந்த செய்தி.

பரீட்சையில் இரண்டு படங்கள் வரும். மஞ்சள் பலகையில் வேலி போன்ற படம் இருந்தால் முன்னால் இருப்பது படலையுள்ள கடவை. ரயில் எஞ்சின் படம் இருந்தால் படலை இல்லாதது. பலர் இதை மாற்றிப்போடுகிறார்கள். ‘ரயில் படம் என்றால் ரயில் கேற்’ என்று நினைப்பதுதான் காரணம். உங்களை மறிக்க அங்கே எதுவும் இல்லை என்பதால்தான் ரயிலையே வரைந்திருக்கிறார்கள் என்று நினைவில் வையுங்கள். அங்கே செய்யவேண்டியது: வேகத்தைக் குறை, நில், இருபக்கமும் பார், காதைக் கொடு, பாதை முழுதும் வெறுமையென்றால் மட்டும் கட. கியர் மாற்றும் வேலையைத் தண்டவாளத்தின் மேல் வைத்துக்கொள்ளாதே. தலைக்கவசத்துக்குள் பாட்டுக் கேட்கிறவருக்கு ஹோர்ன் கேட்காது. தற்காலிகக் காவலாளர்கள் நிற்கும் கடவைகளிலும் அவர்களை மட்டும் நம்ப முடியாது. சம்பளப் பிரச்சினையில் அவர்கள் பணியைப் புறக்கணித்த நாட்களும் உண்டு.

லேர்னர்ஸ் ஊடாகப் போவது கட்டாயமில்லை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். லேர்னர்ஸில் சேர்ந்தால், அவர்கள் கேட்கும் தொகையில் திணைக்களத்துக்குரியது எவ்வளவு, அவர்களுக்குரியது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ‘பாஸ் பண்ணித் தாறம்’ என்று தனியாகக் காசு கேட்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடலாம்.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்ததும் கிடைக்கும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் 18 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். அதில் முதல் மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே செயன்முறைப் பரீட்சை. அந்த மூன்று மாதமும் எட்டுப் போட்டுப் பழகுங்கள். வருடக்கணக்கில் நேர்வீதியில் ஓடியவர்கள் கால் ஊன்றுவது அங்கேதான்.